‘போயிட்டாராம்’ என்பதும் ‘போயிட்டார்’ என்பதும்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வளவில் நாலு பேர் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறார். “அந்தப் பாட்டுக்காரர் போயிட்டாராம்” என்கிறார். கேட்டவர்கள் ‘ச்சூ’ கொட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளைச் சாத்தி வைக்கும்போதே மனைவியிடம் சொல்லுகிறார்: “ஆள் போயிட்டார்.” மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மைத்துனர் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சந்தியில் சொல்லும்போது, “ரெண்டு நாளைக்கு முந்தியே போயிட்டார், ஆஸ்பத்திரிக்காரர் மறைச்சு வைச்சிருக்கிறாங்கள்” என்று ஆகிவிடுகிறது. இம்மூவரில் எவரும் பொய்யரல்லர். மூவரும் பங்கிலே மதிப்புள்ளவர்கள்தாம்.

ஆனாலும் காலையில் இருந்த ஒன்று பின்னேரம் இல்லாமற் போய்விட்டது. “போயிட்டாராம்” என்ற சொல்லின் கடைசியில் நின்ற ‘ஆம்’தான் அது.

தமிழ் இந்த விடயத்தில் மிக நேர்மையான மொழி. நான் கண்டதல்ல, பிறர் சொல்லக் கேட்டது என்பதைத் தெரிவிக்க நாம் தனியாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதில்லை. வினைச்சொல்லின் வாலிலே ‘ஆம்’ என்று ஒட்டிவிட்டாற் போதும். வந்தாராம், சுட்டாராம், ஓடிவிட்டாராம். ‘ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தாராம்’ என்று ஆச்சி கதை தொடங்கும்போதே, ராசாவுக்குத் தான் சாட்சியல்ல என்பதையும் சொல்லிவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், தனித்து நிற்கும்போது இதே ‘ஆம்’ என்பதற்கு ‘மெய்தான்’ என்று பொருள். ஒட்டி நின்றால் ஐயம், தனித்து நின்றால் உறுதி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது. அதை நாம் நாள்தோறும் யோசனையின்றித் தாண்டிவிடுகிறோம். கைத்தொலைபேசி வந்தபின் தாண்டவும் வேண்டியதில்லை. வந்த செய்தியை அப்படியே மற்றவருக்குத் தள்ளிவிடும்போது நாம் வாயே திறப்பதில்லை. வாய் திறவாதபோது ‘ஆம்’ எங்கே ஒட்டும்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் தாம் மெய்யென்று நம்பியதைத்தான் சொன்னார். பிறகு அது பொய்யாய்ப் போயிற்று. அவர்மேல் குற்றம் உண்டா? சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்தது, பொய்யென்று அறிந்துகொண்டே சொல்வதுதான் பொய் என்பது. அப்படியானால் அறியாமற் சொன்னவர்மீது எட்டாங் கற்பனையில் வழக்கில்லை. நெடுங்காலம் இந்த விடையே எனக்குப் போதுமாயிருந்தது. இப்போது போதவில்லை. ஏன் என்று சொல்லுமுன் வேறு சில சங்கதிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி கொரோனாத் தொற்றுடன் சென்னையில் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டார். காலமானது செப்டெம்பர் 25ஆம் திகதி. இடையில் ஏழு கிழமைகள். அந்த ஏழு கிழமைக்குள் நம் ஊர்களில் அவர் எத்தனை முறை இறந்தார், எத்தனை முறை எழுந்தார் என்பதற்குக் கணக்கில்லை. ஓகஸ்ட் 24ஆம் திகதி, அவருக்குத் தொற்று நீங்கிவிட்டது என்று ஒரு செய்தி பரவியது. அவருடைய மகன் சரண் முன்வந்து, அது வதந்தி என்று மறுக்க வேண்டியதாயிற்று. கவனியுங்கள், இது கெட்ட செய்தியன்று. எல்லோரும் கேட்க ஆசைப்பட்ட நல்ல செய்தி. இதை எவரும் வஞ்சகமாய்க் கட்டியிருக்கத் தேவையில்லை, ஆசை உள்ள இடத்தில் அது தானாக முளைக்கும். ஆனால் தகப்பனை நினைத்துக் கலங்கியிருந்த ஒரு பிள்ளை, நம்முடைய ஆசைக்காக எழும்பி வந்து “இல்லை, அப்பாவுக்கு இன்னும் சுகமில்லை” என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வதந்தியைக் குறைகூறுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் மறுபக்கம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா 2016 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னை அப்பலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். எழுபத்தைந்து நாட்கள் அங்கே இருந்தார். அந்த நாட்களில் அவருடைய படம் ஒன்றுதானும் வெளியிடப்படவில்லை. சுருக்கமான அறிக்கைகள் மட்டும் வந்தன. வதந்தி பரப்பினார்கள் என்று சிலரைப் பொலிஸார் கைதும் செய்தார்கள். டிசெம்பர் 5ஆம் திகதி பின்னேரம் சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டார் என்று அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்தது. கொடி மறுபடி ஏறியது. நள்ளிரவு கடந்த பின்னர், இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது என்ற அறிவித்தல் வந்தது. அதோடும் முடியவில்லை. அவரது மரணத்தை விசாரிக்க அரசு நியமித்த ஆறுமுகசாமி ஆணைக்குழு 2022இல் அறிக்கை கொடுத்தபோது, சாட்சிகளின் வாக்குமூலங்களை வைத்து, மரணம் நிகழ்ந்தது முதல்நாள் டிசெம்பர் 4ஆம் திகதி பிற்பகலில் என்று எழுதியது. அதே ஆண்டு டில்லி அரச வைத்தியர்களின் குழுவொன்று, சிகிச்சையில் தவறில்லை என்று சொல்லியிருந்தது.

ஆறு வருடம் சென்றும் ஒரு மரணத்தின் நேரம் ஒரே குரலில் தீரவில்லை. இப்படிப்பட்ட இருட்டில் சனங்கள் ஊகிக்காமல் என்ன செய்வார்கள்? அறியவேண்டியவர்களுக்கு அறியத்தராமல் கதவைச் சாத்தி வைப்பவர்கள், வெளியே பிறக்கும் வதந்திக்குத் தாங்களும் பொறுப்பு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வதந்தி பரப்பிய கூலிக்காரனை மறியலில் வைத்துவிட்டு, அதற்கு இடம்கொடுத்தவர்களை விட்டுவிடுவது நீதியாகாது.

ஆனால் இதிலே ஒரு நுட்பமான விடயம் இருக்கிறது. ஆணைக்குழு சொன்னதுதான் சரியென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5ஆம் திகதி பின்னேரம் “இறந்துவிட்டார்” என்று சொன்னவர்கள் மெய் சொன்னவர்கள் ஆகிவிடுவார்களா? வாய்க்கு வந்தது மெய்யோடு ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிந்தவனின் கல் மாங்காயில் விழுந்தால் அவன் குறிபார்த்து எறிந்தான் என்று சொல்வோமா? அடுத்த முறை அவன் கல் யாருடைய மண்டையில் விழும் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே, சொன்னது பிறகு மெய்யானது, பொய்யானது என்பதை மட்டும் வைத்துச் சொன்னவரை அளக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்ன வேளையில் அவர் எதை அறிந்திருந்தார் என்பதையே கேட்க வேண்டும்.

பாட்டுக்காரரும் முதலமைச்சரும் இறந்தார்கள் என்ற கதையால் கேட்பவரின் தலை போவதில்லை. கலகக் காலத்தில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்போது பாணந்துறையில் ஒரு கதை பரவியது. அவ்வூர்ச் சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் படிப்பிக்கப் போன இடத்திலே சித்திரவதை செய்து கொல்லப்பட்டாராம். அந்தக் கதையின் சூட்டில் பாணந்துறைக் கோயில் ஐயர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர் கல்வித் திணைக்களத்தார் தேடிப் பார்த்தபோது, பாணந்துறையிலிருந்து சென்று மட்டக்களப்பில் படிப்பித்த ஆசிரியை என்று ஒருவருமே இருக்கவில்லை. பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி அக்கலவரத்தைப் பற்றி எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. அக்காலத்திலும் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். இல்லாத ஒரு பெண்ணின் சாவுக்காக, இருந்த ஒரு மனிதர் செத்தார்.

1983ஐப் பற்றி நம் வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் யூலை 29ஆம் திகதி வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்ல வேண்டும். நாலைந்து நாள் கொலையும் தீயும் சற்றுத் தணிந்து, கொழும்பிலே சனங்கள் வேலைக்குத் திரும்பத் தொடங்கியிருந்த நாள் அது. அன்றுதான் “புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள்” என்ற கதை கிளம்பியது. கந்தோர்களிலும் கடைகளிலும் இருந்தவர்கள் அடித்துப் பிடித்து ஓடினார்கள். அந்தப் பயம் திரும்பி வந்து, வீதியில் அகப்பட்ட தமிழர்மேல் விழுந்தது. தணிந்த தீ மறுபடி எரிந்தது. அன்று ஓடிய எழுதுவினைஞர் எவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் மெய்யாகவே பயந்தார்கள். தங்களோடு வேலை செய்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இதை வாசிக்கும் மூத்தவர்கள் சிலர் என்னோடு வழக்குக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். “தம்பி, வதந்தி இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கமாட்டோம்” என்பார்கள். நியாயமான வழக்குத்தான். “ஆமி வெளிக்கிட்டிட்டானாம்” என்று வேலிக்கு மேலால் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக வெளிக்கிட்ட குடும்பங்கள் எத்தனை! பொய்யாய்ப் போன நாட்களும் இருந்தன. விடிந்ததும் சட்டி பானையோடு திரும்பி வந்தோம். ஒரு இரவு நித்திரை போயிற்று, அவ்வளவே. மெய்யாய்ப் போன நாளிலே உயிர் மிஞ்சியது.

அப்படியென்றாலும் அக்காலத்தில் நாம் செய்தியை எவ்வளவு பாடுபட்டுத் தேடினோம் என்பதை மறக்கலாகாது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இலண்டனிலிருந்து தமிழோசை. ஒன்று சொன்னதை மற்றது சொல்லுகிறதா என்று பார்த்தோம். சுற்றியவருக்குக் கைநோகும், ஆகவே கேட்டவர்கள் கவனமாய்க் கேட்டார்கள். அடுத்த நாள் ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னால், “எதிலே சொன்னது?” என்பதுதான் முதற் கேள்வி. இன்று எவரும் எவரையும் அப்படிக் கேட்பதைக் காணோம்.

எச்சரிக்கைக்கும் வீண் ஊகத்துக்கும் வேறுபாடு என்ன என்று யோசித்தபோது எனக்கு ஒரு கேள்விதான் கைகொடுத்தது. இது பிழைத்தால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? “ஆமி வருகிறான்” என்பது பிழைத்தால் ஓடியவரே விலை கொடுக்கிறார். “அவன்தான் காட்டிக்கொடுத்தவனாம்” என்பது பிழைத்தால் சொன்னவரும் கொடுப்பதில்லை, கேட்டவரும் கொடுப்பதில்லை. அங்கே இல்லாத ஒருவன் கொடுக்கிறான். மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் ஒரு ‘ஆம்’ விழுந்துபோனதால் அங்கே நின்றார்கள் என்பதைக் கடவுள்தான் அறிவார். என்றாலும் இந்தக் கேள்வி எல்லாப் பூட்டையும் திறக்கும் திறப்பல்ல. யூலை 29இன் கதையும் எச்சரிக்கையாகத்தான் புறப்பட்டது. ஓடியவர்கள் விலை கொடுக்கவில்லை, வேறு ஆட்கள் கொடுத்தார்கள். எச்சரிக்கைக்குள்ளேயும் “யாரிடமிருந்து ஓடுகிறோம்” என்ற ஒரு பெயர் மறைந்து கிடக்கிறது. அந்தப் பெயருக்குரியவன் பக்கத்து வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

நாம் எப்போதும் வாங்கிய பக்கத்திலேயே நின்றோம் என்று நினைப்பதும் சரியல்ல. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் நடந்ததை எவரும் மறக்க முடியாது. அடுத்து வந்த கிழமைகளில் நம் வீட்டுத் தொலைபேசிகளில் வந்து போனவற்றை மறந்துவிட்டோம். குழாய்த் தண்ணீரிலே நஞ்சாம். இன்ன கடையிலே வாங்க வேண்டாமாம். மே 12ஆம் திகதி, கத்தோலிக்கர் செறிந்து வாழும் சிலாபத்திலே ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற கருத்துப்பட இருந்தது. இன்னொருவரோடு நடந்த வாக்குவாதத்திலே எழுதிய மறுமொழி அது. பயந்துபோயிருந்த ஊருக்கு அது அடுத்த குண்டுக்கான அறிவித்தலாகத் தெரிந்தது. கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. ஊரடங்கு போடப்பட்டது. மறுநாள் வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் கலகம் பரவி ஓர் உயிரும் போயிற்று. மூன்று கிழமைக்கு முன் அழுத கண்கள் ஒரு வரியை எப்படி வாசிக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக அதைச் சரியென்று சொல்ல என்னால் இயலவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயுமல்ல. நம் உறவினர் பெருந்தொகையாய் வாழும் கனடாவிலே 2022 ஜனவரி கடைசியில் லொறிச் சாரதிகள் தலைநகர் ஒட்டாவாவின் வீதிகளை மறித்து மூன்று கிழமைக்கு மேலாக நின்றார்கள். தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து எழுந்த மறியல் அது. அமெரிக்காவுக்குப் போகும் அம்பாசடர் பாலமும் ஒரு கிழமையளவு மறிக்கப்பட்டது. 1988இல் இயற்றப்பட்டு அதுவரை ஒரு முறையும் பயன்படுத்தப்படாத அவசரகாலச் சட்டத்தை அரசாங்கம் பெப்ரவரி 14ஆம் திகதி எடுத்தது. 18ஆம் திகதி குதிரைப் பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தபோது, நடமாட்டத்துக்கு உதவும் வண்டியோடு நின்ற ஒரு பெண் குதிரையின் கீழ் விழுந்தார். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி உடனே பரவியது. அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பேசுகின்ற ஒருவரும் அதையே சொல்லிப் பின்னர் திருத்திக்கொண்டார். பெண் இறக்கவில்லை. ஆனால் மறுப்பு வெளியிட்ட பொலிஸார், விழுந்தவர்கள் எழும்பி நடந்து போய்விட்டார்கள், காயம் எதுவும் தங்களுக்குத் தெரியவில்லை, யாரோ குதிரைமேல் சைக்கிளை எறிந்தார்கள் என்று எழுதினார்கள். இரண்டு நாளில், பெண்ணுக்கு ஏற்பட்ட கடுங்காயம் பற்றி ஒன்ராறியோ மாகாணத்தின் தனி விசாரணைப் பிரிவு விசாரணை தொடங்கியது. மறித்தவர்களின் பக்கம் அவரைச் சாகடித்தது. பொலிஸாரின் பக்கம் அவரை எழுப்பி நடக்கவிட்டது. நடுவிலே மெய்யான ஒரு பெண் மெய்யான காயத்தோடு கிடந்தார்.

அந்த நாட்களில் கனடாவிலிருந்து எடுத்த நம்மவர் பலர், “ரோட்டை மறிக்கிறவங்கள் எல்லாம் ரவுடியள்” என்றார்கள். ரொறன்ரோவிலே 2009 மே 10ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றவர்கள் யார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாமா என்று எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வருடத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை குறைவு.

2009 ஏப்ரலில் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நம்மவர்கள் திரண்டார்கள். பாலத்தையும் வீதியையும் மறித்தார்கள். அந்தப் போராட்டம் 73 நாள் நீடித்தது. அங்கே பரமேஸ்வரன் சுப்பிரமணியம் என்ற 28 வயது இளைஞர் ஏப்ரல் 7ஆம் திகதி தொடங்கி மூன்று கிழமைக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். வன்னியிலே போரை நிறுத்த வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். போர் எப்படி முடிந்தது என்பது தெரிந்ததே. அந்த வருடம் ஒக்டோபரில் இங்கிலாந்தின் டெயிலி மெயில், சண் ஆகிய இரு பத்திரிகைகளும், அவர் உண்ணாவிரதம் என்று சொல்லிக்கொண்டு களவாகப் பேர்கர் தின்றார், பொலிஸார் விசேட கருவியால் அதைக் கண்டார்கள் என்று எழுதின.

இலண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் இதை எனக்குச் சொன்னார். “தின்டவராம்” என்றுதான் சொன்னார். நான் மூன்று பேருக்குச் சொன்னேன். “தின்டவன்” என்றுதான் சொன்னேன்.

ஏன் அப்படி நம்பினேன் என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது நம் சனம் லட்சக்கணக்கில் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தது. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. எட்டாத இடத்திலுள்ளவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. இவர் நம்மவர், கைக்கெட்டுபவர். அதைவிட ஆழத்திலே வேறொன்றும் இருந்தது. அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் நான் ஒன்றும் செய்யவில்லை. பயத்தில் வீட்டுக்குள் இருந்தேன். பட்டினி கிடந்தவர் கள்ளன் என்றால், ஒன்றும் செய்யாதவன் அவரைவிடக் கீழானவன் அல்லன் என்று ஆகிறது. அந்தச் செய்தி எனக்குச் சுகமாயிருந்தது. சுகமாயிருந்ததால் “எதிலே சொன்னது, யார் கண்டது?” என்று நான் கேட்கவில்லை. அறியாமற் சொன்னேன் என்று என்னால் இப்போது சாதிக்க முடியவில்லை. அறிய விரும்பாமற் சொன்னேன்.

2010 யூலையில் இலண்டன் மேல்நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. இரு பத்திரிகைகளும் எழுதியது பொய் என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டன. இரண்டுமாக 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன. அப்படி ஒரு விசேட கருவியும் இருக்கவில்லை, படமும் இருக்கவில்லை என்று பொறுப்பாயிருந்த பொலிஸ் அதிகாரியே உறுதிப்படுத்தியிருந்தார். தம்மை நண்பர்கள் கைவிட்டார்கள், உறவினர் ஒதுக்கினார்கள், தமிழ்ச் சமூகமே தள்ளிவைத்தது, உயிரை விட்டுவிடலாமா என்றுகூடச் சில வேளை நினைத்தேன் என்று அந்த இளைஞர் அன்று சொன்னார். ஆங்கிலப் பத்திரிகைகள் பணம் கொடுத்தன. தள்ளிவைத்த நாம் என்ன கொடுத்தோம்?

களவெடுத்த காசைத் திருப்பிக் கொடாமல் பாவசங்கீர்த்தனம் பண்ணினால் அது முழுமையாகாது என்று நமக்குச் சிறுவயதிலேயே படிப்பித்திருக்கிறார்கள். ஒருவருடைய நற்பெயரை எடுத்தவருக்கும் அதே கடன் உண்டு என்றுதான் திருச்சபை போதிக்கிறது. காசென்றால் எண்ணிக் கொடுக்கலாம். சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தீர்ப்பு வந்த செய்தியை வாசித்தபோது நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பொய்யைச் சொல்ல மூன்று பேரைத் தேடிப் போனவன், மெய்யைச் சொல்ல ஒருவரையும் தேடவில்லை.

அந்த மூவரில் ஒருவர் சில வருடத்தின்பின் காலமாகிவிட்டார். என் பேச்சை நம்பியபடியே போனார். இன்னொருவர் இப்போது பிரான்சில் இருக்கிறார். அவருக்கு எழுதினேன், மறுமொழி இல்லை. மூன்றாமவர் என்னோடு படித்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கடந்த தவக்காலத்தில் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து இந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் சிரித்தார். “எத்தினை வருசக் கதை! இப்ப அதை ஆர் நினைச்சுக்கொண்டிருக்கினம்? தேத்தண்ணியைக் குடி” என்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி தட்டத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“அப்ப அந்தப் பொடியன் உண்மையா ஒண்டும் தின்னேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா” என்றேன். “ஒண்டும் தின்னேல்லை.”